தங்கவயலும் சட்டக் கல்வியும்: பணிபுரிந்துகொண்டு பயில்வோர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கருநாடக மாநிலம் கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்தில் ஒரு சட்டக் கல்லூரி உள்ளது. 1952 முதல் 1956 வரை மைசூர் மாநில முதலமைச்சராக விளங்கிய கெங்கல் அனுமந்தையாவின் பெயரைத் தாங்கியது அது. தங்கம் எடுத்த ஊரில் சுரங்கவியலும் பொறியியலும் வளர்வது இயல்பு. சட்டக் கல்வி அங்கு ஏன் தேவைப்பட்டது என்பது எளிதில் கடந்துவிடத்தக்க வினா அன்று. தங்கவயல் தொழிலாளரின் வரலாற்றை உற்று நோக்குவார்க்கு, அங்குச் சட்டம் கற்றோரின் அணிகலனாக இருந்ததைக் காட்டிலும் உழைப்போரின் அன்றாடத் தேவையாகவே இருந்தமை புலப்படும். ஆனால் அத்தேவை மிகுதியாக உடையவர்கள் எவரோ, அவர்களே பகற்பொழுதில் கல்லூரி வகுப்பில் அமர இயலாதவர்கள். அவர்களுடைய பகல் முன்னரே விலை பேசப்பட்டுவிட்ட ஒன்று.

இந்தியாவில் சட்டக் கல்வி முழுநேரமாக மட்டுமே அமைதல் வேண்டுமா, பணிபுரிவோர் பகுதிநேரமாகப் பயில இடமளித்தல் வேண்டுமா என்னும் வாதம் பெரும்பாலும் கல்வித் தரம் பற்றிய வாதமாகவே நடத்தப்பட்டு வந்துள்ளது. தரம் பற்றிய கவலை பொய்யானதன்று. எனினும் அவ்வாதத்தின் அடியில் இருப்பது, உழைப்பவனின் பகற்பொழுது யாருக்கு உரியது என்னும் கேள்வியே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தங்கவயலை முன்வைத்து இதனை ஆராய முற்படுவதற்குக் காரணம் உண்டு. பகல், இரவு என்னும் வேறுபாடே அழிந்துபோன ஒரு தொழிலைச் சார்ந்து எழுந்த ஊர் அது. கல்வியை மணிக்கணக்கில் அளக்கும் விதி எதுவாயினும், அதன் பொருந்தாமை அங்கே தெளிவாகத் தெரிந்துவிடும்.

குற்றஞ்சாட்டப்பட்டோரும் சட்ட அறிவும்

1880ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தங்கவயல் சுரங்கங்களின் பொறுப்பை ஏற்றனர். அதன்பின் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் பெருகி வளர்ந்தன. பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894இல் இருப்புப்பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இவ்விரண்டுக்கும் முன்பே வந்து சேர்ந்தவர்கள் வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் தமிழ் பேசும் உழைப்பாளர்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

இத்தொழிலாளர்கள் சட்டத்தை முதன்முதலில் எதிர்கொண்டது உரிமை கோருவோராக அன்று, குற்றஞ்சாட்டப்பட்டோராக. தங்கத் திருட்டைத் தடுக்கும் பொருட்டு மைசூர் அரசு 1897இல் சுரங்கங்களுக்கென ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பொன் கலந்த பொருள் ஒருவன் கையில் இருக்குமாயின், அது தன்னிடம் வந்த வகையை விளக்கும் சுமை அவன்மீதே விழுந்தது. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டுவோரைச் சாரும் என்னும் பொதுநெறி சுரங்க வேலியின் உட்புறத்தில் தலைகீழாயிற்று. மெய்ப்பிக்கும் சுமை யாருடையது என்பது சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்ட வகுப்பில் கற்பிக்கப்படும் பாடம். தங்கவயல் தொழிலாளி அதனை வாயிற்காவலர் நடத்திய சோதனையிலேயே கற்றான்.

1930ஆம் ஆண்டு ஏப்ரலில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியது. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைவிரல் பதிவு செய்தல் வேண்டும் என நிறுவனத்தார் ஆணையிட்டனர். கூலி உயர்வு எதனையும் முன்வைக்காமல், இப்பதிவை எதிர்த்தே தொழிலாளர் வேலையை நிறுத்தினர். விரல்ரேகை எடுப்பது குற்றவாளிகளிடம் செய்யும் செயல். உழைக்க வந்தவனிடம் செய்யத்தக்கதன்று என்பது அவர்கள் நிலைப்பாடு. நிறுவனம் பணிந்தது. எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த ஒரு தொழிலாளர் கூட்டம், தன் சட்டத் தகுநிலை இன்னது என்பதை இத்துணைத் தெளிவாக உணர்ந்திருந்தமை வியக்கத்தக்கது. சானகி நாயர் 1998இல் வெளியிட்ட மைசூர்த் தொழிலாளர் பற்றிய ஆய்வுநூல் இக்காலப் போராட்டங்களை விரிவாக எடுத்துரைக்கிறது.

இவ்வுணர்வு வெற்றிடத்தில் தோன்றியதன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்கும், அவர் நிறுவிய சாக்கைய பௌத்த சங்கத்துக்கும் தங்கவயலில் உறுதியான பின்புலம் இருந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கக் கிளைகள் இயங்கின. பண்டிதரின் மறைவுக்குப்பின் நின்றுபோன இதழை 1926 முதல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களை அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பதிப்பித்தது. உழைப்போர் குடியிருப்புகளை ஒட்டி அச்சகமும் படிப்பகமும் சொற்பொழிவு மேடையும் அமைந்திருந்தன என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி. தங்கவயலில் கல்வி என்பது உழைப்பு முடிந்த பின்னர்த் தொடங்குவதாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. ‘பகுதிநேரக் கல்வி’ என்று நாம் இன்று வழங்கும் தொடர் அவர்களுக்குப் புரிந்திருக்காது. அவர்கள் அறிந்த கல்வி அது ஒன்றே.

1942ஆம் ஆண்டின் மைசூர்த் தொழிலாளர் சட்டம் சங்கங்களுக்கு ஏற்பளித்தது. கே. எஸ். வாசன், வி. எம். கோவிந்தன் போன்ற பொதுவுடைமை இயக்கத்தார் சங்கங்களை வலுப்படுத்தினர். 1946ஆம் ஆண்டின் நெடிய வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து, அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் காவல்துறையினர் சுட்டதில் தொழிலாளர் அறுவர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டில் இந்திய அளவில் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் 36ஆம் பிரிவு இக்கட்டுரைக்கு முதன்மையானது. தொழிலாளி தன் வழக்கைத் தன் சங்க நிருவாகி வாயிலாகவே நடத்தலாம் என்றது அப்பிரிவு. சமரசப் பேச்சில் வழக்கறிஞர் தோன்றவே கூடாது. தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பின் இசைவும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் பெற்றால்தான் அவர் தோன்ற இயலும்.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சங்கப் பொறுப்பில் இருக்கும் ஓர் எழுத்தரோ பொருத்துநரோ (பேச்சுவழக்கில் ஃபிட்டர்) சட்டம் கற்றிருந்தால், வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்யாமலே தம் தோழர்களுக்காக வாதிட முடியும். இழப்பீட்டுச் சட்டம், சுரங்கச் சட்டம், வருங்கால வைப்புநிதி விதிகள் ஆகியவற்றை அறிந்த ஒருவர் ஒவ்வொரு சுரங்கத்திலும் தேவைப்பட்டார். பாறை வெடிப்பில் இறந்தவனின் மனைவிக்கும், கல்தூசி நுரையீரலில் படிந்து நோயுற்றவனுக்கும் மனு எழுத ஆள் வேண்டியிருந்தது. 1957 பொதுத் தேர்தலில் தங்கவயல் இரட்டை உறுப்பினர் தொகுதியில் தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பின் சி. எம். ஆறுமுகமும், பொதுவுடைமைக் கட்சியின் எம். சி. நரசிம்மனும் வெற்றி பெற்றனர். பின்னவர் தொழிலாளர் வழக்குகளில் பெயர்பெற்ற வழக்கறிஞர். சட்டமும் சங்கமும் அந்நகரில் எத்துணை நெருங்கியிருந்தன என்பதற்கு இது சான்று.

வகுப்பறைக்கு முந்தைய வழிகள்

சட்டக் கல்வி தொடக்கம் முதலே முழுநேரக் கல்வியாக இருந்தது என்று எண்ணுவோர் உளர். வரலாறு அவ்வாறு இல்லை. சென்னையில் 1855ஆம் ஆண்டு மாநிலக் கல்லூரியில் சட்ட வகுப்பு தொடங்கிற்று. தனிச் சட்டக் கல்லூரி 1891இல்தான் உருவாயிற்று. மைசூர் அரசைச் சேர்ந்த பெங்களூரில் அரசுச் சட்டக் கல்லூரி ஏற்பட்டது 1948இல். அதுவரை தங்கவயல் இளைஞனுக்கு அண்மையில் இருந்த பெரிய சட்டக் கல்லூரி சென்னையினதே.

ஆயினும் பட்டம் ஒன்றே வழியாக இருக்கவில்லை. பிளீடர் தேர்வு என ஒன்றிருந்தது. முதல்நிலைப் பிளீடர், இரண்டாம்நிலைப் பிளீடர் எனப் படிநிலைகள் இருந்தன. வ. உ. சிதம்பரனார் ஒட்டப்பிடாரம் வட்ட அலுவலகத்தில் எழுத்தராகச் சிலகாலம் பணியாற்றிய பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று அத்தேர்வில் தேறி, 1895இல் ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார் என்பது தமிழறிஞர் அனைவரும் அறிந்த செய்தி. பிளீடர் தேர்வு வழங்கிய வாயில் குறுகலானது; அதனுள் நுழைந்தோரைப் பட்டம் பெற்றோர் மதிப்புக் குறைவாகவே நடத்தினர். எனினும் அது ஒருவாறு திறந்த வாயில்.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் இப்படிநிலைகளை ஒழித்தது. இந்தியா முழுவதும் ‘வழக்கறிஞர்’ என்னும் ஒரே வகுப்பு, ஒரே பதிவேடு. உயர்வு தாழ்வு நீங்கியமையால் இதனை நற்செயல் என்றே கொள்ளல் வேண்டும். ஆனால் ஒரே வகுப்பு என்றால் நுழைவாயிலும் ஒன்றே ஆகிவிடுகிறது. அவ்வாயில் எந்த மணிக்குத் திறந்து எந்த மணிக்குச் சாத்தப்படும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் இந்திய வழக்கறிஞர் மன்றத்திடம் வந்து சேர்ந்தது.

அம்பேத்கரின் எடுத்துக்காட்டு

தங்கவயல் மக்கள் சட்டக் கல்வியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அவர்கள் மனத்தில் நின்ற உருவம் டாக்டர் அம்பேத்கருடையது. 1954இல் அவர் தங்கவயலுக்கு வந்தார். அவருடைய சட்டக் கல்வி எவ்வாறு அமைந்தது என்பதை நோக்குவது பொருத்தமுடையது.

1918 முதல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணத்தோடும் பிறர் உதவியோடும் 1920இல் அவர் மீண்டும் இலண்டன் சென்றார். இலண்டன் பொருளியல் பள்ளியில் உயர்பட்டங்களுக்குப் பயின்றுகொண்டே கிரேஸ் இன் என்னும் சட்ட அமைப்பிலும் உறுப்பினராக இருந்து, 1922இல் பாரிஸ்டர் ஆனார். அக்காலத்தில் அவ்வமைப்புகளில் ஒரு பருவம் நிறைவெய்தியது என்பதற்கு, வகுப்புக்கு வந்த நாள்களைவிட மண்டபத்தில் உணவருந்திய நாள்களே கணக்கு. உணவு மேசையில் வருகைப்பதிவு நடத்திய அம்முறையைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் இருவேறு கல்விகளை ஒரே காலத்தில் மேற்கொள்ள இடமளித்ததும் அம்முறைதான். 2008இல் இந்திய வழக்கறிஞர் மன்றம் இயற்றிய சட்டக் கல்வி விதிகளின் 6ஆம் விதி, ஒரே காலத்தில் இரண்டு முறைசார் பட்டப்படிப்புகளில் சேர்வதைத் தடை செய்கிறது. இந்த நாட்டின் அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர் சட்டம் கற்ற முறை, அந்த அரசியலமைப்பின்கீழ்ப் பிறந்த விதியொன்றுக்கு ஒவ்வாததாகிறது.

அம்பேத்கர் பின்னர்ப் பம்பாய் அரசுச் சட்டக் கல்லூரியில் 1928இல் பேராசிரியராகவும், 1935 முதல் முதல்வராகவும் பணிபுரிந்தார். சட்டக் கல்வியைச் சீர்திருத்துவது குறித்து அவர் எழுதிய கட்டுரை 1936இல் அக்கல்லூரி இதழில் வெளிவந்தது. கல்வியில் தளர்வை ஏற்பவர் அல்லர் அவர். எனவே பகுதிநேரக் கல்விக்கு அவரைச் சான்றாக நிறுத்துவது நேர்மையாகாது. அவர் வாழ்க்கை காட்டுவது வேறொன்று. பொருளுதவி கிடைத்த காலத்தில் முழுநேரமும், கிடைக்காத காலத்தில் பணியோடு சேர்த்தும் கற்ற ஒருவரின் கல்வியை இவ்விரு பெயர்களில் ஒன்றில் அடைக்க முடிவதில்லை.

பட்டம் உண்டு, பதிவு இல்லை

சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நகரங்கள்தோறும் மாலைநேரச் சட்ட வகுப்புகள் நடந்தன. தில்லிப் பல்கலைக்கழகத்தின் சட்ட மையங்கள் பணியில் இருப்போருக்காக மாலையில் இயங்கியமை நாடறிந்தது. பெங்களூரிலும் எழுத்தர்களும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் மாலை வகுப்புகளில் சட்டம் பயின்றனர். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. தென்னிந்தியப் பல்கலைக்கழகங்கள் சில பொதுச் சட்ட இளவர் பட்டம் என்னும் பி.ஜி.எல். படிப்பை அஞ்சல்வழியில் நடத்தின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அப்படிப்பு தமிழ் மக்களிடையே நன்கு அறிமுகமானது. அலுவலகப் பெயர்ப்பலகைகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் ‘பி.ஏ., பி.ஜி.எல்.’ என்று காணாதார் யார்? அப்பட்டம் நீதிமன்ற வாயிலைத் திறக்காது. பதவி உயர்வுக்கும் சங்கப் பணிக்கும் தன்னிறைவுக்கும் உரியது அது.

சட்டப் பட்டத்தின் பயன் மூவகைப்பட்டது என்பதை இப்பட்டம் மறைமுகமாக ஒப்புக்கொண்டிருந்தது. வழக்கறிஞராதல் ஒன்று, பணியில் உயர்தல் ஒன்று, முன்னர்க் கூறிய 36ஆம் பிரிவின்படி பிறர்க்காக வாதிடுதல் ஒன்று. வழக்கறிஞர் மன்றத்தின் கவலை முதலாவதைப் பற்றியது மட்டுமே. அதற்கு அதில் உரிமையும் உண்டு. ஆனால் முதலாவதற்கென வகுத்த விதி மற்ற இரண்டையும் நாளடைவில் விழுங்கிவிட்டது.

உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை இங்குக் காணலாம். 1989இல் முடிவான பல்தேவ் ராஜ் சர்மா வழக்கில், முதல் இரண்டாண்டுச் சட்டப் பாடங்களைத் தனித்தேர்வராக எழுதி, மூன்றாமாண்டை முறையாகக் கல்லூரியில் பயின்ற ஒருவருக்கு வழக்கறிஞர் பதிவு மறுக்கப்பட்டது. மூன்றாண்டும் வகுப்புக்குச் சென்றிருத்தல் வேண்டும் என நீதிமன்றம் கூறியது. 1994இல் அபர்ணா பாசு மல்லிக் வழக்கிலும் அதுவே முடிவு. கல்கத்தாப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு, கல்லூரிக்குச் செல்லாமல் தேர்வெழுத இடமளித்திருந்தது. பல்கலைக்கழகம் பட்டம் வழங்கிவிட்ட பின்னரும், வழக்கறிஞர் மன்றம் அவர்களைப் பதிவு செய்ய மறுக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. இரண்டு வழக்குகளிலும் மனுதாரர் சட்டம் அறியார் என்று எவரும் வாதிடவில்லை. அவர்கள் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை என்பதே குறை.

அமெரிக்கா எடுத்த முடிவு

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. வாஷிங்டன் நகரின் கொலம்பியன் கல்லூரி 1865ஆம் ஆண்டிலேயே அரசு எழுத்தர்களுக்கு ஏற்ற நேரத்தில் சட்ட வகுப்புகளைத் தொடங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரவுநேரச் சட்டப் பள்ளிகள் அமெரிக்க நகரங்களில் பெருகின. அவற்றில் பயின்றோருள் புலம்பெயர்ந்து வந்தோரின் பிள்ளைகள் மிகுதி. வழக்கறிஞர் சங்கத்தின் மேல்மட்டத்தார் அவற்றை வெறுத்ததில் தரம் பற்றிய கவலையோடு இன வெறுப்பும் கலந்திருந்ததை ஜெரோல்ட் அவர்பாக் 1976இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

கார்னகி நிறுவனத்துக்காக ஆல்ஃபிரட் ரீட் 1921இல் அளித்த அறிக்கை, இரவுப் பள்ளிகள் நிலைத்துவிட்டன; அவற்றை ஏற்று, அவற்றில் பயில்வோர்க்கெனத் தனியான வழக்கறிஞர் பிரிவையும் ஏற்கலாம் என்றது. அவ்வாண்டே கூடிய அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அதனை ஏற்கவில்லை. வழக்கறிஞர் ஒரே வகுப்பினரே என்பதில் அது உறுதியாக நின்றது. ஆனால் அதற்கு அது கண்ட வழி கருதத்தக்கது: முழுநேரமும் படிப்போர்க்கு மூன்றாண்டு, பகுதிநேரம் படிப்போர்க்கு, மொத்த மணிநேரம் சமமாகும்படி அதனினும் நீண்ட படிப்பு. தரத்தை அவர்கள் ஆண்டுகளை நீட்டிக் காத்தனர். நாம் கடிகார முள்ளைக் கட்டிக் காக்க முயன்றோம். இந்த ஒரு வேறுபாடே இரு நாடுகளின் உழைக்கும் மாணவர் நிலையையும் பிரித்துவிட்டது என்பது என் கருத்து.

முழுநேரக் கல்வியின் நியாயம்

மாலைநேரக் கல்லூரிகள் அனைத்தும் உழைப்போரின் அறிவுத் தாகத்தைத் தணித்த ஊற்றுகள் என்று எழுதிவிடுவது மிகையாகும். வருகைப்பதிவேடு நிரம்பி, வகுப்பறை காலியாக இருந்த கல்லூரிகள் பல. வினா-விடைக் குறிப்பேடுகளை மனப்பாடம் செய்து தேறியவர்கள் மாவட்ட நீதிமன்றங்களில் கட்சிக்காரரின் வழக்கைக் கெடுத்த கதைகளை எந்த ஊர் வழக்கறிஞரைக் கேட்டாலும் சொல்வார். இவ்வகையில் கெடுவது பெரும்பாலும் ஏழைக் கட்சிக்காரரின் வழக்கே என்பதையும் மறத்தலாகாது. சட்டத்தை நூலில் மட்டும் கற்க முடியாது. எதிர்வாதம் செய்யும் தோழனும் திருத்தும் ஆசிரியரும் திறந்திருக்கும் நூலகமும் வேண்டும்.

இவ்வெண்ணத்தின் சிறந்த வடிவமாகப் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி எழுந்தது. என். ஆர். மாதவ மேனன் தலைமையில் 1988இல் அதன் முதல் மாணவர் அணி சேர்ந்தது. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. மாணவர் விடுதியிலேயே தங்கிப் பயிலும் முறை. அதன் சாதனைகளை மறுப்பதற்கில்லை. அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள தங்கவயலில் அவ்வாண்டில் சுரங்கங்கள் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தன. அங்கு உழைத்த ஒருவனுக்கு அப்பள்ளி நூறு கிலோமீட்டர் தொலைவில் இல்லை. ஐந்தாண்டுக் கூலி தொலைவில் இருந்தது.

ஷிப்டுக் கணக்கு

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுடையது. தங்கவயலில் சுரங்க வேலை மூன்று ஷிப்டுகளாக நடந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி நிலத்தடித் தொழிலாளியின் வேலைநேரம் நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 48 மணியும் மிகாது. வாரந்தோறும் ஷிப்டு மாறிவரும் ஒருவன் மாலைநேரக் கல்லூரியில் சேர்வதாகக் கொள்வோம். காலை ஷிப்டு வாரத்தில் அவன் மாலை வகுப்புக்குச் செல்லலாம். இரவு ஷிப்டு வாரத்திலும் உறக்கத்தைச் சுருக்கிக்கொண்டு செல்லலாம். பிற்பகல் ஷிப்டு வாரத்தில் செல்ல இயலாது. ஆகவே மூன்று வாரத்துக்கு இரண்டு வாரம், நூற்றுக்கு 66.67.

வழக்கறிஞர் மன்றத்தின் பழைய விதிகள் கேட்ட வருகை நூற்றுக்கு 66. ஒருநாளும் நோயுறாமல், ஒரு சாவுக்கும் திருமணத்துக்கும் செல்லாமல் இருப்பானாயின், நிலத்தடித் தொழிலாளி ஒருவன் அவ்விதியின் விளிம்பில் நின்று தேர்வு எழுதியிருக்கலாம். 2008ஆம் ஆண்டு விதிகள் இவ்வளவை நூற்றுக்கு 70 ஆக்கின. ஒரு பாடத்தில் 65 வரை விலக்களிக்க இடமுண்டு; ஆயினும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 இருத்தல் வேண்டும். ஷிப்டுத் தொழிலாளிக்கு அந்த விளிம்பும் இல்லாமற் போயிற்று.

அதே விதிகள், விடுதிக் கல்லூரிகள் அல்லாதவற்றில் வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடைப்பட்டே நடைபெறல் வேண்டும் என்றன. வாரத்துக்கு 30 வகுப்பு மணிநேரம். அதில் விரிவுரை மட்டும் 24 மணிக்குக் குறையலாகாது. ஆறு நாளாகப் பகுத்தால் நாளுக்கு 5 மணி. வேலையின் 48 மணியையும் சேர்த்தால் வாரம் 78 மணி. போக்குவரத்தையும் வீட்டில் படிக்கும் நேரத்தையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இக்கணக்கிலிருந்து மற்றோர் உண்மையும் வெளிப்படும். மாலைநேரக் கல்லூரி என்பது முதலிலிருந்தே அலுவலக ஊழியருக்கென வகுக்கப்பட்டது. பத்து மணிக்குச் சென்று ஐந்து மணிக்குத் திரும்புவோரின் மாலை அது. 1964இல் தொடங்கப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலையின் அலுவலர்க்கும், பள்ளி ஆசிரியர்க்கும், நகராட்சி எழுத்தர்க்கும் அத்தகைய மாலை உண்டு. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உடைத்தவனுக்கு இல்லை. பகுதிநேரக் கல்வியின் ஆதரவாளர்களும் உழைப்பாளி என்னும் சொல்லால் மேசை முன் அமர்வோரையே பெரும்பாலும் கருதினர். இக்குறையை அவர்கள்மீதும் சுமத்தியாக வேண்டும்.

பணமும் நேரமும்

2024ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில வழக்கறிஞர் மன்றங்கள் பதிவுக்கட்டணமாகச் சட்டம் குறித்த 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதியினர் பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கலாகாது என்று தீர்ப்பளித்தது. மிகைக்கட்டணம் விளிம்புநிலையினரை இத்தொழிலிலிருந்து விலக்கிவைக்கிறது என்பதை நீதிமன்றம் வெளிப்படையாகவே ஏற்றது. பணத்தடை இவ்வாறு அளந்தறியப்பட்டது.

நேரத்தடை எதிர்த்திசையில் சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் இந்திய வழக்கறிஞர் மன்றம் சட்டக் கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. மாணவர் தம்மீது குற்றவழக்கு உண்டா என்பதையும், வேறு பட்டப்படிப்பில் சேர்ந்துள்ளனரா என்பதையும், படிப்புக் காலத்தில் ஏதேனும் பணியில் இருந்தனரா என்பதையும் அறிவித்தல் வேண்டும். பணியில் இருந்தோர் தடையின்மைச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். கல்லூரிகள் உயிரியளவு வருகைப்பதிவுக் கருவியையும் கண்காணிப்புப் படக்கருவியையும் அமைத்தல் வேண்டும். குற்றவழக்கும் கூலிவேலையும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்து வினவப்படுவதைக் காணும் தங்கவயல் வரலாற்று மாணவனுக்கு 1930 ஏப்ரல் நினைவுக்கு வாராமல் இராது. இரண்டும் ஒன்றல்ல, நிறுவனம் இலாபத்துக்காகச் செய்ததையும் மன்றம் ஒழுங்குக்காகச் செய்வதையும் சமன்படுத்துதல் தகாது. ஆயினும் வந்திருக்கிறாயா என்பதை விரலிடம் கேட்பது, வந்தவனை நம்பாமையின் அடையாளம் என்பதைத் தங்கவயலார் தொண்ணூற்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லியிருந்தனர்.

மூடலுக்குப் பின்

1956இல் மைசூர் அரசுடைமையாகி, 1962இல் நடுவண் அரசிடம் சென்று, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக வடிவெடுத்த தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் தொழிலாளர் சங்கங்கள் கருநாடக உயர் நீதிமன்றத்திலும் அதற்கு மேலும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. நிலுவைத் தொகைக்காகவும் குடியிருப்பு வீடுகளுக்காகவும் மனுக்கள் எழுதப்பட்டன. சங்கு ஒலித்த காலத்தைவிட அது ஓய்ந்த பின்னரே அவ்வூருக்குச் சட்டம் தெரிந்தவர்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர்.

ஊரிகத்துச் சட்டக் கல்லூரி 2009இல் ஹுப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த கருநாடக மாநிலச் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கிவருகிறது. விடுதிக் கட்டணமும் நகர வாடகையும் இன்றிச் சொந்த ஊரில் சட்டம் பயில முடிகிறது என்பது சிறிய நன்மையன்று. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த முதல் தலைமுறையினர் மிக்க ஓர் ஊரில் அதன் மதிப்பு மேலும் கூடும்.

ஆனால் தங்கவயலின் உழைக்கும் மக்கள் இப்போது தங்கவயலில் உழைப்பதில்லை. சுரங்கம் மூடியபின் பிழைப்பு பெங்களூரில் என்றாயிற்று. பொன்னும் பொறிகளும் ஏற்றிச்செல்ல 1894இல் போட்ட அந்த இருப்புப்பாதைதான் இன்று ஆயிரக்கணக்கான ஆட்களை ஏற்றிச் செல்கிறது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று நிலையந்தோறும் விடியுமுன் ஏறுகின்றனர். இருட்டிய பின் இறங்குகின்றனர். காவலராகவும் கடைச் சிப்பந்தியாகவும் தனியார் நிறுவன ஊழியராகவும் வேலை. ஒருவழிப் பயணமே இரண்டு மணிநேரத்துக்குக் குறைவதில்லை. ஊரிகம் நிலையத்தில் இறங்கும் ஒருவர் தம் ஊர்ச் சட்டக் கல்லூரிக்கு வீட்டிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். விதிப்படி அங்கு வகுப்பு நடத்தத்தக்க காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரையிலான பொழுதில் அவர் பெங்களூரில் இருக்கிறார்.